மலையேறிய பழைய கார்: காபரேட்டரை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இதுதான். டொயோட்டா கொரோலா கே.ஈ. 70, 4கே எஞ்சின். கொழும்பை ஒட்டிய வத்தளைப் பக்கம் வாங்கி, அங்கேயே டியூன் செய்து, நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தாயிற்று. கீழே நன்றாக ஓடிய கார், மேலே வந்ததும் ஸ்லோவில் (மிதிக்காமல் விட்ட மெதுவான ஓட்டத்தில்) நிலைத்து ஓடுவதில்லை. லபுக்கலை ஏற்றத்தில் கறுப்புப் புகை. அழுத்தி மிதித்தால் இழுக்காமல் அடைத்துக்கொள்கிறது. பனிமூட்டமான காலைகளில் கால் மணி நேரம் ஓடியதும் தானாக நின்றுவிடுகிறது, ஐந்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. கராஜில் காபரேட்டரை, அதாவது பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகத்தை, மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்னவற்றில் குறைந்தது மூன்று தனித்தனிச் சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. காற்று மெலிந்ததால் வரும் கோளாறு ஒன்று, இக்னிஷன் கோளாறு இன்னொன்று, மூடுபனியில் நிற்பது மூன்றாவது. கொழும்பின் பழைய உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் இருந்து வேறொரு காபரேட்டரை வாங்கிவந்து பூட்டினாலும் இந்த மூன்றும் அப்படியே இருக்கும். அது யாருடைய காரில் இருந்து கழற்றியது, எந்த ஜெட் (பெற்றோலை அளந்து விடும் சிறு துளைத் திருகு) போட்டிருக்கிறது என்பதும் புதிய கேள்வியாக வந்து சேரும்.

முதலில் காற்றைப் பார்ப்போம். நுவரெலியா நகரம் கடல் மட்டத்தில் இருந்து 1868 மீட்டர் உயரம். அங்குள்ள குளிரையும் கணக்கில் சேர்த்தால், கொழும்பில் எஞ்சின் ஒரு மூச்சில் இழுக்கும் காற்றின் எடையில் 83 சதவீதம் அளவுதான் அங்கே கிடைக்கும். ஆக, எஞ்சின் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் அதன் வலுவில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். கீழே 60 குதிரை வலு என்றால் மேலே 50. இதை எந்த ஸ்க்ரூவைத் திருப்பியும் மீட்க முடியாது. ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்துப் போட வேண்டியிருப்பது கோளாறல்ல, அது மலைக்குக் கொடுக்கும் வரி.

கோளாறாவது பெற்றோல் பக்கம். காற்று மெலிந்த அளவுக்குக் காபரேட்டர் பெற்றோலைக் குறைத்துக்கொள்வதில்லை. வென்சுரியில், அதாவது அதன் தொண்டையின் குறுகிய இடத்தில், உண்டாகும் உறிஞ்சலைக் கொண்டுதான் அது அளக்கிறது. காற்றின் அடர்த்தி 17 சதவீதம் குறைந்தால் பெற்றோல் 9 சதவீதம் அளவே குறைகிறது. மிச்சம் தேவைக்கு மேல் போகிறது, அதாவது கலவை ஏறக்குறைய 9 சதவீதம் ரிச் (பெற்றோல் கூடியது). ஹட்டன், பண்டாரவளை போன்ற 1200 மீட்டரைச் சற்றுத் தாண்டிய இடங்களில் இது 6 சதவீதம் அளவு. கண்டியில் 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அதை மறந்துவிடலாம். கீழேயே சற்று ரிச்சாக வைத்து டியூன் செய்த காரென்றால் (பெரும்பாலும் அப்படித்தான் வைக்கிறார்கள், ஓட்ட மென்மையாக இருக்கும்) இந்த 9 அதன்மேல் ஏறி, புகை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது.

ஆனாலும் காபரேட்டரில் கை வைப்பது கடைசி வேலை. வால்வு, பிளக், பொயின்ட் (திறந்து மூடி பொறியை உண்டாக்கும் தொடுமுனை), டைமிங் (பொறி விழும் நேரம்) இவை சரியில்லாமல் காபரேட்டரை டியூன் செய்தால், ஒரு தவறை மறைக்க இன்னொரு தவறைச் செய்ததாகிவிடும். காபரேட்டர் கோளாறு என்று கராஜுக்கு வரும் பழைய கார்களில் பாதிக்கு மேல் இக்னிஷன் கோளாறுதான் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வதில் நிறைய நியாயம் இருக்கிறது.

கம்ப்ரெஷன் பார்க்கும்போது மலையில் ஒரு எச்சரிக்கை வேண்டும். புத்தகத்தில் போட்டிருக்கும் எண் கடல் மட்டத்துக்கானது. கீழே 150 பி.எஸ்.ஐ. காட்டும் எஞ்சின் நுவரெலியாவில் 125ஐ ஒட்டிக் காட்டினால் அது ஆரோக்கியமான எஞ்சின்தான். அதைப் பார்த்து ‘ரிங் போயிடுச்சு’ என்று எஞ்சினைப் பிரிக்கவிட வேண்டாம். நான்கு சிலிண்டருக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்: 15 பி.எஸ்.ஐ.க்குள் இருந்தால் தாராளமாக டியூன் செய்யலாம். அளக்கும்போது நான்கு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டர் முழுதாக மிதித்திருக்க வேண்டும், பற்றரி பலமாக இருக்க வேண்டும். எஞ்சினின் உறிஞ்சலை அளக்கும் வக்யூம் கேஜுக்கும் இதே கதை. கீழே ஸ்லோவில் 18 முதல் 20 அங்குலம் காட்டுவது சரி. ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஓர் அங்குலம் கழியும். நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேல். ஆகவே 12 முதல் 14 வரை, ஊசி ஆடாமல் நின்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

டெப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி 4கே எஞ்சினுக்கு, சூடாக இருக்கும்போது, இன்டேக் 0.20 மி.மீ., எக்ஸோஸ்ட் 0.30 மி.மீ. சத்தம் வருகிறதென்று எக்ஸோஸ்ட்டை இறுக்கி வைப்பது இங்கே பரவலான பழக்கம். இறுக்கமான எக்ஸோஸ்ட் வால்வு முழுதாக மூடாது, ஸ்லோ ஆடும், நீண்ட ஏற்றங்களில் வால்வு எரியும். கொஞ்சம் டிக் டிக் சத்தம் இருக்கட்டும்.

அடுத்து பொயின்ட். முகத்தில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்திருந்தால் அரம் போட்டு நேரத்தை வீணாக்காமல் மாற்றிவிடுங்கள், கன்டென்ஸரையும் சேர்த்தே. குழி மேடு விழுவதற்குப் பெரும்பாலும் கன்டென்ஸர்தான் காரணம், அதை விட்டுவிட்டால் புதிய பொயின்ட்டும் அதே கதிக்கு வரும். இடைவெளி 0.45 மி.மீ., ட்வெல் மீட்டர் (பொயின்ட் மூடியிருக்கும் கோணத்தை அளப்பது) இருந்தால் 52 டிகிரி. கேமின் மேல் ஒரு துளி கிரீஸ் மறக்க வேண்டாம். காய்ந்த கேமில் பொயின்ட்டின் குதி தேய்ந்து, சில வாரங்களில் இடைவெளி மூடிவிடும். மூடுபனி ஊர்களில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் ஈரம் படிவது தனிப் பிரச்சினை. விடிகாலையில் ஸ்டார்ட் ஆகாமல் படுத்துவிட்டால், மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து, உள்ளே கறுப்புக் கோடு போல மெல்லிய விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். விரிசல் இருந்தால் துடைத்துப் பயனில்லை. பிளக் வயர்களை இரவில் எஞ்சின் ஓடும்போது பார்ப்பது நல்லது, நீலப் பொறி கசிந்தால் இருட்டில் தெரியும்.

பொயின்ட் இடைவெளியைத் தொட்டால் டைமிங் நகரும். ஆகவே பொயின்ட் முதலில், டைமிங் பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது. டைமிங் லைட் இல்லாவிட்டாலும் 12 வோல்ட் பல்ப் ஒன்று போதும். கொயிலில் இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் பல்பின் ஒரு வயர், மற்றது பாடியில். எஞ்சினைக் கையால் சுற்றி முதல் சிலிண்டரின் கம்ப்ரெஷனில், கிராங் புல்லியின் குறியை 8 டிகிரியில் நிறுத்துங்கள். சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராக மெதுவாகத் திருப்புங்கள். பல்ப் எரியத் தொடங்கும் அந்த நொடிதான் பொயின்ட் திறக்கும் இடம், அங்கே இறுக்குங்கள். வெடிக்கும் வரிசை 1-3-4-2. டைமிங் லைட் இருந்தால் வக்யூம் ஹோஸைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு, ஸ்லோவில் பாருங்கள். பானட்டின் கீழ் ஒட்டியிருக்கும் தாளில் 8 அல்லாத வேறு எண் இருந்தால் அந்த எண்ணையே பிடித்துக்கொள்ளுங்கள்.

மலையிலேயே வாழும் காருக்கு இதன்மேல் 2 அல்லது 3 டிகிரி கூட்டலாம். அடர்த்தி குறைந்த கலவை சிலிண்டருக்குள் நிதானமாகத்தான் எரிகிறது, அதற்குச் சற்று முந்தியே நெருப்பு வைக்க வேண்டும். அதோடு அதே ஏற்றத்தை ஏற மேலே த்ராட்டிலை அதிகம் திறக்க வேண்டியிருப்பதால் மேனிபோல்ட் வக்யூம் குறைகிறது, அந்த வக்யூமைக் கொண்டு டைமிங்கை முந்தவைக்கும் வக்யூம் அட்வான்ஸும் முழுதாக வேலை செய்வதில்லை. நொக்கிங் (கலவை நேரங்கெட்டு வெடித்துத் தட்டுவது) பயம் மேலே குறைவு, 92 ஒக்டேன் தாராளமாகப் போதும். சோதிக்கும் முறை: நன்றாகச் சூடான எஞ்சினோடு ஒரு நீண்ட ஏற்றத்தில் மூன்றாம் கியரில், 40 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து காலை முழுதாக மிதியுங்கள். சில்லறையைக் குலுக்கியது போலச் சத்தம் வந்தால் 2 டிகிரி பின்வாங்குங்கள். கூட்டிய டைமிங்கோடு கொழும்புக்கு இறங்கினால் அவிசாவளைக்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்கலாம். அப்போது 95 ஒக்டேன் அடிக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் டைமிங்கைக் குறைக்கத்தான் வேண்டும்.

பிளக் இடைவெளி 0.8 மி.மீ. ரிச்சாக ஓடிய காரில் பிளக்கெல்லாம் பஞ்சுக் கரி படிந்திருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்துப் போடுவதைவிட நான்கையும் புதிதாகப் போட்டுவிட்டு டியூனைத் தொடங்குவது நல்லது, பிறகு அவற்றின் நிறத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது.

இனி காபரேட்டர். வேலை தொடங்கும் முன் இரண்டு சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, எங்காவது காற்றுக் கசிவு இருக்கிறதா: பிரேக் பூஸ்டர் ஹோஸ், பி.சி.வி. ஹோஸ், காபரேட்டருக்குக் கீழே உள்ள கறுப்புக் கட்டையின் காஸ்கெட், மேனிபோல்ட் காஸ்கெட். ஸ்லோவில் ஓடும்போது சவர்க்கார நீரைத் தூரிகையால் தடவுங்கள். சத்தம் மாறும் இடத்தில் கசிவு. பெற்றோல் தெளித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான எக்ஸோஸ்ட் அதே பக்கத்தில் இருக்கும் எஞ்சினில் அது தீயோடு விளையாடுவது. இரண்டு, சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் தகடு). கேபிளை உள்ளே தள்ளிய பிறகும் சோக் தகடு முழுதாகத் திறக்காமல் சாய்ந்து நிற்கிறதா என்று ஏர் கிளீனரைக் கழற்றி நேரில் பாருங்கள். கறுப்புப் புகைக்குக் காரணம் இந்த அரை அங்குலக் கேபிளாக இருந்த கார்கள் நிறைய.

ஃப்ளோட் லெவலை (மிதவை பிடித்து வைக்கும் பெற்றோல் மட்டத்தை) காபரேட்டரின் முன்புறக் கண்ணாடியில் பார்க்கலாம். எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது பெற்றோல் மட்டம் குறியின் நடுவில் நிற்க வேண்டும். இங்கேதான் மலைநாட்டுக்கே உரிய தவறு நடக்கிறது: நம் வீட்டு முற்றங்களில் தட்டையான இடம் அபூர்வம். சாய்ந்து நிற்கும் காரில் மட்டம் பார்த்து ஃப்ளோட்டை வளைத்துவிடுகிறார்கள். நீர்மட்டக் கருவியை எஞ்சினின் மேல் வைத்து, தேவைப்பட்டால் சக்கரத்துக்குக் கீழே பலகை கொடுத்து சமப்படுத்திய பிறகே பாருங்கள். மட்டம் அதிகமென்றால் ஃப்ளோட்டை வளைப்பதற்கு முன் நீடில் வால்வைப் பாருங்கள். நுனியில் வளையம் போலத் தேய்மானம் இருந்தால் வால்வையும் சீட்டையும் ஜோடியாக மாற்றுங்கள். சீட்டுக்குக் கீழே உள்ள செம்பு வாஷர் இல்லாமல் போனால் மட்டம் ஏறும். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், உள்ளே பெற்றோல் ததும்பினால் அது ஓட்டை.

காபரேட்டரைப் பிரித்துக் கழுவ வேண்டுமா? கார் நீண்ட நாள் நின்றிருந்தால், அல்லது கான்களில் தேங்கிய பழைய பெற்றோல் ஊற்றப்பட்டிருந்தால் (2022 தட்டுப்பாட்டின்போது பலர் இப்படிச் சேமித்தார்கள்) கழுவத்தான் வேண்டும். ஜெட் துளையில் கம்பி விடக் கூடாது. பித்தளை மென்மையானது, ஒரு தடவை செப்புக் கம்பியை ஓட்டினாலே அளவு மாறும். தூண்டில் நைலோன் நூலும் காற்றும் போதும். கழற்றும்போது ஆக்ஸிலரேட்டர் பம்பின் கீழே உள்ள சின்ன உருண்டையும் ஸ்ப்ரிங்கும் தெறித்து ஓடும், வெள்ளைத் துணி விரித்து வேலை செய்யுங்கள்.

பம்பைச் சோதிக்க, எஞ்சின் ஓடாத நேரத்தில் த்ராட்டிலைச் சட்டென்று திறந்து தொண்டைக்குள் பாருங்கள். பலமான ஒரு பீச்சு தெரிய வேண்டும். சொட்டினால், பம்பின் தோல் வாஷர் காய்ந்துவிட்டது. எஞ்சின் ஒயிலில் ஊறவைத்து விளிம்பை விரித்துப் போட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மிதித்ததும் ஒரு கணம் செத்து, பிறகு எழுந்து ஓடும் காருக்கு இதுதான் மருந்து.

உங்கள் காரில் நான் அதிகம் சந்தேகப்படுவது பவர் பிஸ்டனைத்தான். 4கே காபரேட்டருக்குள் ஒரு சிறிய பிஸ்டன் இருக்கிறது. மேனிபோல்ட் வக்யூம் அதை மேலே இழுத்து வைத்திருக்கும். நன்றாக மிதித்து வக்யூம் விழும்போது ஸ்ப்ரிங் அதைக் கீழே தள்ளும், அது பவர் வால்வை அழுத்தி மேலதிகப் பெற்றோலை விடும். இரண்டு காரணங்களால் மலையில் இது தொல்லை தரும். வக்யூம் ஏற்கெனவே 6 அங்குலம் குறைவாக இருப்பதால், கீழே முழு மிதிக்கு மட்டும் திறந்த வால்வு இங்கே அரை மிதிக்கே திறந்துவிடுகிறது. பிஸ்டன் கரியும் பிசினும் பிடித்துக் கீழேயே சிக்கிக்கொண்டால், எப்போதும் திறந்தே கிடக்கும். மேல் மூடியைக் கழற்றி, பிஸ்டனை விரலால் அழுத்தி விடுங்கள். துள்ளிக்கொண்டு வர வேண்டும். தயங்கினால் காபரேட்டர் கிளீனர் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். மணல் தாள் வேண்டாம், சுவரில் கீறல் விழுந்தால் வக்யூம் கசியும்.

ஸ்லோ டியூன் செய்யும் முன், காபரேட்டரின் பக்கத்தில் ஒற்றை வயரோடு இருக்கும் சொலனாய்டைப் பாருங்கள். சாவியைப் போட்டு எடுக்கும்போது ‘டிக்’ என்று கேட்க வேண்டும். வயர் அறுந்திருந்தால் ஸ்லோ ஜெட்டுக்குப் பெற்றோலே வராது. அது தெரியாமல் த்ராட்டில் ஸ்க்ரூவை ஏற்றி ஏற்றி ஸ்லோவை நிறுத்தியிருப்பார்கள். அப்படிப்பட்ட காரில் மிக்ஷர் ஸ்க்ரூவை எப்படித் திருப்பினாலும் ஒரு மாற்றமும் வராது. மிக்ஷர் ஸ்க்ரூ பதில் சொல்லவில்லையென்றால், ஒன்று சொலனாய்ட், அல்லது ஸ்லோ வழி அடைப்பு, அல்லது த்ராட்டில் தேவைக்கு மேல் திறந்திருக்கிறது.

எல்லாம் சரியென்றால் மீதி வேலை பத்து நிமிடம். எஞ்சினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள், ஏர் கிளீனர் பூட்டியபடியே இருக்கட்டும். மிக்ஷர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே விட்டு, தட்டியதும் நிறுத்தி (இறுக்கினால் நுனியில் வளையம் விழும், பிறகு அந்த ஸ்க்ரூ குப்பைக்குத்தான்) இரண்டரைச் சுற்று வெளியே எடுங்கள். ஸ்டார்ட் செய்து, த்ராட்டில் ஸ்க்ரூவால் நிமிடத்துக்கு 800 சுற்றில் நிறுத்துங்கள். இப்போது மிக்ஷரைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, வேகம் மிக அதிகமாகும் இடத்தைத் தேடுங்கள். வேகம் ஏறினால் த்ராட்டிலைக் குறைத்து மீண்டும் 800க்குக் கொண்டுவந்து, இன்னொரு முறை தேடுங்கள். உச்சத்தைக் கண்ட பிறகு, 40, 50 சுற்று விழும் வரை மிக்ஷரை உள்ளே விடுங்கள், அதோடு நிறுத்துங்கள். கடல் மட்டத்தில் டியூன் செய்த காரில் இந்த ஸ்க்ரூ மேலே வந்ததும் அரைச் சுற்று அளவுக்கு உள்ளே போவது வழக்கம். ஸ்லோ ஆடுவது இத்துடன் நிற்க வேண்டும்.

ஆனால் ஏற்றத்தில் வரும் கறுப்புப் புகைக்கும் மிக்ஷர் ஸ்க்ரூவுக்கும் சம்பந்தமே இல்லை. அது ஸ்லோவுக்கு மட்டும். மிதித்து ஏறும்போது பெற்றோல் வருவது மெயின் ஜெட் வழியாக. புகைக்கிறதென்று ஸ்லோ மிக்ஷரை இறுக்கிக்கொண்டே போனால், புகை அப்படியே இருக்க, சிக்னலில் கார் நிற்கத் தொடங்கும்.

மெயின் ஜெட்டை மாற்ற வேண்டுமா என்பதைப் பிளக் சொல்லும். புதிய பிளக்கோடு லபுக்கலையில் இருந்து மேலே ஏறுங்கள். ஏற்றத்தின் உச்சியில் பாதுகாப்பான சமதரையைக் கண்டதும், காலை எடுக்காமல் கிளட்ச்சை மிதித்து, உடனே எஞ்சினை அணைத்து, ஓரம் கட்டுங்கள். சாவியை முழுதாகத் திருப்பி எடுத்துவிடக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக் பூஸ்டரும் இரண்டு மூன்று மிதிக்குத்தான் உதவும், ஆகவே இதை இறக்கத்தில் செய்யவே கூடாது. பிளக்கைக் கழற்றினால், பீங்கான் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் ஜெட் சரி. மந்தமான கறுப்புக் கரி என்றால் ரிச். வெள்ளையாக, பொறிப்பொறியாக இருந்தால் லீன் (பெற்றோல் குறைந்தது), இதுதான் ஆபத்தானது.

ஜெட்டின் மேல் வெட்டியிருக்கும் எண் பெரும்பாலும் துளையின் விட்டம், மி.மீ.யில் நூறில் ஒரு பங்காக. பெற்றோல் போவது பரப்பளவைப் பொறுத்தது, ஆகவே 9 சதவீதம் குறைக்க விட்டத்தில் நாலரை சதவீதம் போதும். 100 போட்டிருந்தால் நுவரெலியாவுக்கு 95, ஹட்டனுக்கும் பண்டாரவளைக்கும் 97. இதற்குக் கீழே போக வேண்டாம். முதல் தொண்டையின் ஜெட்டை மட்டும் மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், சாதாரண ஓட்டமெல்லாம் அதில்தான். இரண்டாம் தொண்டை ஜெட் பெரிய எண் கொண்டது, முழு மிதிக்கு மட்டுமே. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள், அப்படி வந்த கார்களும் உண்டு. பழைய ஜெட்டுக்குள் ஈயம் உருக்கி விட்டு மறுபடி துளைப்பது, செப்பு நூலிழை ஒன்றைச் செருகுவது போன்ற கராஜ் வித்தைகள் ஒரு மாதம் ஓடும், பிறகு இழை கழன்று வேறு எங்காவது போய் அடைக்கும்.

ஜெட் மாற்றும் முடிவு கார் எங்கே வாழ்கிறது என்பதைப் பொறுத்தது. வாரம் ஒரு முறை கொழும்புக்கு மரக்கறி ஏற்றிப் போகும் வண்டியென்றால் மெயின் ஜெட்டைத் தொடாதீர்கள். மேலே கொஞ்சம் புகைத்தாலும் பரவாயில்லை. 95 ஜெட்டோடு கீழே பாரம் ஏற்றி வேகமாக ஓட்டினால் கலவை மெலிந்து எக்ஸோஸ்ட் வால்வு எரியும், அதன் செலவு பெற்றோல் மிச்சத்தைப் போல் பல மடங்கு. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் இறங்கும் காரென்றால் மாற்றுங்கள்; கீழே இருக்கும்போது முழு மிதி தவிர்த்தால் போதும்.

மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஜெட் தலைவலி இல்லை. எஸ்.யூ. காபரேட்டரில் ஒரே ஜெட், அதன் கீழே உள்ள ஆறு முக நட்டைத் திருப்பினால் எல்லா வேகத்துக்கும் கலவை மாறும். அடிப்படை நிலை: ஜெட்டைப் பாலத்தின் மட்டத்துக்கு ஏற்றி, பிறகு 12 முகம், அதாவது இரண்டு முழுச் சுற்றுக் கீழே இறக்குவது. சூடான எஞ்சினில், காபரேட்டரின் பக்கத்தில் உள்ள தூக்கும் ஊசியைக் கொண்டு அதன் பிஸ்டனை முக்கால் மி.மீ. அளவு மட்டும் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் ரிச், உடனே விழுந்தால் லீன், லேசாக ஏறி மறுபடி பழைய வேகத்துக்கு வந்தால் சரி. கீழே டியூன் செய்த காரை மேலே கொண்டுவந்தால் ஒன்று அல்லது இரண்டு முகம் ஏற்ற வேண்டியிருக்கும், இறங்கும்போது அதே அளவு இறக்கிவிடலாம். ஸ்பேனரோடு கைக்குட்டையும் போதும். பிஸ்டனின் அசைவை நிதானப்படுத்தும் டேம்பரில் எஸ்.ஏ.ஈ. 20 ஒயில், உள்ளீடற்ற தண்டின் மேல் விளிம்புக்கு 13 மி.மீ. மேலே வரை. ஒயில் வற்றினால் மிதித்ததும் தடுமாறும், அதைப் பார்த்துக் கலவையைக் கூட்டிவிடுகிறார்கள். டேம்பரைக் கழற்றிவிட்டுப் பிஸ்டனைத் தூக்கி விட்டால் ‘டக்’ என்று விழ வேண்டும். விழாவிட்டால் ஜெட் நடுவில் இல்லை. 1098 சி.சி. எஞ்சினில் டெப்பட் குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், பொயின்ட் 0.015, பிளக் 0.025.

மூடுபனியில் நிற்பது வேறு கதை. பெற்றோல் ஆவியாகும்போது காபரேட்டரின் தொண்டை வெளிக்காற்றைவிட வெகுவாகக் குளிர்கிறது. வெளியே 10, 12 டிகிரி, காற்று முழுக்க ஈரம் என்றால், த்ராட்டில் தகட்டின் விளிம்பில் உண்மையாகவே ஐஸ் பிடிக்கும். ஸ்லோ வழி அடைத்து கார் நிற்கிறது. நின்ற பிறகு எஞ்சினின் சூடு ஏறி ஐஸ் உருகிவிடுகிறது, அதனால்தான் ஐந்து நிமிடத்தில் தானாகச் சரியாகிறது. மெக்கானிக் வந்து பார்க்கும்போது தடயமே இருக்காது. பெற்றோல் பம்ப், கொயில் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் செலவழித்தவர்கள் அநேகம்.

மருந்து காரோடு வந்ததுதான். ஏர் கிளீனரின் மூக்கில் இருந்து எக்ஸோஸ்ட் மேனிபோல்டின் தகரக் கவசத்துக்கு ஒரு சுருள் குழாய் போக வேண்டும். அது சூடான காற்றைக் கொடுக்கும். கொழும்பில் தேவையில்லை என்று அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள், கவசமும் துருப்பிடித்துப் போயிருக்கும். அதே அளவு குழாயைத் தேடிப் பூட்டுங்கள். மூக்கில் கோடை, குளிர் என்று மாற்றும் நெம்பு இருந்தால் குளிர்ப் பக்கம் போடுங்கள். தானாக மாறும் தகடு உள்ள ஏர் கிளீனரென்றால் அதன் வக்யூம் ஹோஸ் கழன்றிருக்கிறதா பாருங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓடும் காரில் இந்த நோய் இன்னும் மோசம், எஞ்சின் சூடேறவே மாட்டாது, சோக்கையும் தள்ள முடியாது. மலையில் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டக் கூடாது.

இதற்கு நேர்மாறாக, நீண்ட ஏற்றம் ஏறி வந்து கடையில் தேநீருக்கு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகாமல் பெற்றோல் வாடை அடித்தால், அது சூட்டில் ஃப்ளோட் அறைப் பெற்றோல் கொதித்து மேனிபோல்டுக்குள் வழிந்தது. உயரத்தில் பெற்றோல் சீக்கிரம் ஆவியாகும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்துக்கொண்டு, பம்ப் செய்யாமல், ஸ்டார்ட்டரை அடியுங்கள். அடிக்கடி நடந்தால் காபரேட்டருக்குக் கீழே உள்ள கறுப்புக் கட்டையும் வெப்பத் தகடும் இருக்கின்றனவா, டாங்கிக்குத் திரும்பும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

காபரேட்டரை உண்மையிலேயே மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. த்ராட்டில் தண்டை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிய ஆடினால், அங்கே சவர்க்கார நீர் தடவியதும் ஸ்லோ மாறினால், எவ்வளவு டியூன் செய்தாலும் அடுத்த வாரம் பழையபடிதான். அப்போதும் முதல் வழி, லேத்தில் கொடுத்துத் துளையை விரித்து புஷ் போட்டு வாங்குவது. காபரேட்டரின் பாடி வளைந்து, மேல் மூடிக்கு நேர்விளிம்பு வைத்தால் வெளிச்சம் தெரிகிறதென்றால்தான் வேறு காபரேட்டர். அதை வாங்கும்போது ஜெட் எண்களைக் கடையிலேயே திறந்து பார்த்து, பழையதில் இருந்த எண்களோடு ஒத்துப்பார்த்து வாங்குங்கள்.